ஒன்றரை மாதக் குஞ்சின் நோய்முதல்

புழக்கடையில் வளரும் கோழி, தன் நோயை இயன்றவரை வெளிக்காட்டாத இயல்புடையது. கூட்டத்தில் நலிந்து தெரியும் பறவையை மற்றவை கொத்தி ஒதுக்கும். பருந்துக்கும் கீரிக்கும் அதுவே முதலில் இரையாகும். எனவே உடல் தளர்ந்த பிறகும் கோழி மற்றவற்றோடு சேர்ந்து நடக்கும், தரையைக் கொத்துவதுபோல் தலையை ஆட்டும், ஆள் நெருங்கினால் நாலடி ஓடவும் செய்யும். மனிதக் கண்ணுக்கு நோய் தட்டுப்படும் நேரத்தில் அது தொடங்கிச் சில நாள்கள் கடந்திருக்கும். அப்படித் தட்டுப்படும் அறிகுறிகளும் தெளிவானவை அல்ல. இறகைச் சிலிர்த்து ஒடுங்கி உட்காருதல், கண்ணைப் பாதி மூடித் தூங்கி வழிதல், இறக்கையைத் தொங்கவிடுதல், இரையெடுக்காமை ஆகிய நான்கும் ஏறத்தாழ எல்லாக் கோழி நோய்களுக்கும் பொதுவானவை. நலமுள்ள கோழியின் உடல் வெப்பம் 41 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அவ்வெப்பத்தைக் காத்துக்கொள்ள வலுவில்லாதபோது, இறகுகளுக்கு இடையே காற்றைத் தேக்கிக்கொள்வதற்காகப் பறவை சிலிர்த்து நிற்கிறது. அந்தச் சிலிர்ப்பு, உடல் நலிந்திருப்பதைச் சொல்லுமே தவிர நலிவின் காரணத்தைச் சொல்லாது. வயது, பருவம், எச்சம், தீனி, உடன் வளரும் பறவைகளின் நிலை ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் காரணம் துலங்கும். சிவகங்கை வட்டாரத்துக் கண்மாய்க்கரைச் சிற்றூர் ஒன்றில், தொண்ணூறுகளின் ஓர் ஐப்பசி அடைமழையில் நோயுற்ற ஒன்றரை மாதப் பெட்டைக் குஞ்சு, இதற்குச் சான்றாக ஒரு குடும்பத்தின் நினைவில் நிற்கிறது.

அவ்வீட்டில் கோழிகள் அனைத்தும் அப்பத்தாவின் பொறுப்பில் இருந்தன. தந்தையைப் பெற்ற பாட்டியை அவ்வட்டாரத்தில் அப்பத்தா என்றே அழைப்பர். அவர் வளர்த்தவை சிறுவிடைக் கோழிகள். உருவில் சிறியவையும், அடைகாப்பதிலும் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு மேய்வதிலும் தேர்ந்தவையுமான நாட்டுக்கோழிகளுக்குச் சிறுவிடை என்று பெயர். இரவில் தாய்க்கோழியும் குஞ்சுகளும் பஞ்சாரத்துக்குள் அடைக்கப்பட்டன. மூங்கில் பிளாச்சுகளால் இடைவெளிவிட்டு முடைந்து, தரையில் கவிழ்த்து வைக்கும் பெரிய கூடையே பஞ்சாரம் ஆகும். தீனியாக நொய்யும் கம்பும் தவிடும் கிடைத்தன. அவற்றோடு குஞ்சுகளுக்கென்று கரையானும் வளர்க்கப்பட்டது. பழைய பானைக்குள் காய்ந்த சாணத்தையும் ஓலைத் துண்டுகளையும் கந்தல் சாக்கையும் திணித்து, நீர் தெளித்து, புற்று மண் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலைக்குள் கரையான் ஏறியிருக்கும். வெயில் உறைக்கும் முன் அதைத் தட்டிக் கொட்டுவது, அப்போது பள்ளிச் சிறுவனாக இருந்த பேரனின் வேலை. இந்நினைவுகள் அவனுடையவை.

முட்டையும் சேவலும் விற்ற காசு அப்பத்தாவின் சுருக்குப்பையில் தனியே சேர்ந்தது. அவர் எவரிடமும் கேட்காமல் செலவிடக்கூடிய பணம் அது ஒன்றே. ஆகவே கோழிக்கு வரும் நோய் அவருடைய கையிருப்புக்கு நேரும் நோயாகவும் இருந்தது. முன்பு ஒரு கோடையில் வெள்ளைக்கழிச்சல் புகுந்து, அடைகோழி முதல் கூவும் சேவல் வரை வாரிக்கொண்டு போயிருந்தது. ஆங்கில மருத்துவத்தில் ராணிக்கெட் நோய் என்று குறிக்கப்படுவது இதுவே. 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறியப்பட்ட இந்நோய், அடுத்த ஆண்டளவில் குமாவோன் மலைநகரமான ராணிக்கெட்டில் இனங்காணப்பட்டதால் இந்தியாவில் அவ்வூரின் பெயரைப் பெற்றது. இது வைரஸ் எனப்படும் நுண்கிருமியால் வருவது. வந்தபின் தீர்க்க மருந்து கிடையாது, வருமுன் தடுக்க மருந்து உண்டு. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், இரண்டு மாத அளவில் இறக்கையடியில் ஊசியும் போடுவது முறை. 1932இல் தொடங்கப்பட்ட இராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் போன்ற இடங்களில் உருவாகும் தடுப்பு மருந்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ஊர்களுக்குக் கொண்டுவரப்படும். அந்தக் கோடைக்குப் பிறகு அப்பத்தா ஒரு முகாமையும் தவறவிட்டதில்லை. சாக்குக்கு ஓட்டையிட்டுக் கோழிகளைத் தலை தெரிய அதில் கட்டிச் சுமந்துகொண்டு போவார்.

குறிப்பிட்ட அந்த ஐப்பசியில் மழை விட்டுவிட்டுப் பெய்து, தொழுவத்தின் ஓரம் முழுவதும் சொதசொதவென்று கிடந்தது. ஒரு காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியதும் மற்றக் குஞ்சுகள் தாயோடு குப்பைமேட்டுக்கு ஓட, அந்தப் பெட்டைக் குஞ்சு மட்டும் கவிழ்த்த இடத்திலேயே நின்றது. சிறுவன் கை நீட்டியபோதும் விலகவில்லை. மறுநாள் அதன் உடன்பிறப்பான சேவல் குஞ்சும் அதேபோல் ஒடுங்கியது. அடுத்த வீட்டுப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, “அத்தை, கழிச்சல்தான் இது. சாகுமுன்னே அறுத்துப்பிடுங்க, வீணாப் போகுது” என்றார். ஊரில் அதுவே வழக்கமான முடிவாக இருந்தது. வைரஸ் நோயாக இருந்தால் அந்த முடிவு இன்னொரு கேட்டுக்கும் வழி செய்யும். அறுத்த பறவையின் குடலும் இறகும் குப்பைமேட்டில் விழ, அங்கே மேயும் ஊர்க்கோழிகள் அனைத்தும் நோயை வாங்கிக்கொண்டு போகும். அப்பத்தா உடன்படவில்லை. “கழிச்சலா இருந்தா கூடு பூராவும் உக்காந்துரும்த்தா. இது குஞ்சுகளை மட்டும்ல புடிச்சிருக்கு” என்பது அவருடைய மறுமொழி.

அம்மறுமொழியில் ஆழ்ந்த கணக்கு ஒன்று இருந்தது. எனினும் அது ஒன்றே போதுமானதாக இல்லை. பெரிய கோழிகள் தடுப்பூசி பெற்றவை, குஞ்சுகளோ ஊசி போடும் வயதை எட்டாதவை. ஆகவே வெள்ளைக்கழிச்சல் வந்திருந்தாலும் பெரியவை தப்பி, குஞ்சுகள் மட்டும் விழுந்திருக்கக்கூடும். இந்த ஐயத்தைத் தீர்க்க அந்நோய்க்கே உரிய அடையாளங்களைத் தேட வேண்டியிருந்தது. வாயைத் திறந்து திறந்து மூச்சிழுத்தல், பச்சையும் வெள்ளையுமாக நீர்த்துப் போகும் கழிச்சல், சில நாள் தாண்டிய பறவைகளில் கழுத்து முறுக்கிக்கொள்ளுதல், காலும் இறக்கையும் செயலிழத்தல் ஆகியவை அவை. குஞ்சின் மூச்சு சீராக இருந்தது, கழுத்து நேராக நின்றது, மெல்லத் தள்ளினால் கால் ஊன்றி நடந்தது. கொண்டையிலும் இமையிலும் கொப்புளமோ பொருக்கோ இல்லாததால் அம்மையும், மூக்கில் நீரோ முகத்தில் வீக்கமோ இல்லாததால் சளி நோயும் விலகின. ஹங்கேரி நாட்டுக் கால்நடை மருத்துவர் யோசெப் மாரெக் 1907இல் முதன்முதலாக விவரித்ததால் அவர் பெயரைத் தாங்கும் வாத நோயில், பறவை ஒரு காலை முன்னும் மற்றதைப் பின்னும் நீட்டிக் கிடக்கும். அதற்கும் இங்கே இடமில்லை.

அடுத்து அப்பத்தா குஞ்சைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்த முறை விரித்துச் சொல்லத்தக்கது. இடக்கையில் மார்பு படியும்படி குஞ்சை ஏந்தி, வலக்கை விரல்களால் முதலில் கழுத்தடியில் உள்ள தீனிப்பையைத் தொட்டார். கொத்திய இரையை அரைவைக்கு அனுப்புமுன் கோழி சேர்த்துவைக்கும் பை அது. மாலையில் நிறைந்தும் விடியலில் வற்றியும் இருப்பது இயல்பு. முந்தைய மாலையிலேயே அது வெறுமையாக இருந்ததைப் பஞ்சாரத்தில் அடைக்கும்போது கவனித்ததாக அவர் சொன்னார். பிறகு மார்பெலும்பின் இருபுறமும் விரலை ஓட்டினார். சதைப்பற்று ஓரளவு இருந்ததால், நெடுநாள் புழு நோயில் காணும் கத்திமுனை போன்ற எலும்பு தட்டுப்படவில்லை, நோய் அண்மையில் வந்தது என்பது விளங்கியது. கொண்டையும் தாடியும் வெளுத்திருந்தன. இரத்தம் குறைந்ததன் அடையாளம் அது. இரத்தம் உறிஞ்சும் செள்ளு மொய்த்தாலும் அப்படி வெளுக்கும் என்பதால் இறக்கையடியையும் எச்சவாய்ச் சுற்றையும் இறகு விலக்கிப் பார்த்தார். செள்ளு இல்லை, எச்சவாயின் கீழிறகுகள் மட்டும் ஈரமாக ஒட்டிக் கிடந்தன.

இனி எச்சத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. குஞ்சைத் தனிப் பஞ்சாரத்தில் விட்டு, அடியில் பழைய செய்தித்தாளை விரித்துவைக்கச் சொன்னார். கோழிக்குச் சிறுநீர் தனியே வெளியேறுவதில்லை. அது வெண்ணிற உப்பாக எச்சத்தின் மேல் படியும். ஆகவே கெட்டியான பழுப்புப் பச்சை எச்சமும் அதன் தலையில் வெள்ளைப் படிவும் நலத்தின் அடையாளம். பலமுறை எச்சமிடும்போது இடையே ஒருமுறை, குழைந்து நாறும் கரும்பழுப்பு எச்சம் ஒன்று வருவதுண்டு. சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் கோழிக்கு இரட்டைப் பைகளாக உள்ள குடல்முளைகளிலிருந்து வெளியேறும் எச்சம் அது; அதுவும் இயல்பானதே, எனினும் பார்ப்போர் கழிச்சல் என்று அஞ்சுவர். செய்தித்தாளில் விழுந்தவை இவ்விரு வகையிலும் சேரவில்லை. நீர்த்த எச்சத்தின் நடுவே சளியும், சளியோடு கலந்த செந்நிறக் கீற்றுகளும் இருந்தன. மாலையில் விழுந்த ஒன்றில் உறைந்த இரத்தமே தெரிந்தது. அந்தத் தாளை மடித்து வாழை மட்டையில் பொதிந்து, குஞ்சைக் கூடையில் வைத்து, மறுநாள் காலைப் பேருந்தில் நகரத்துக் கால்நடை மருத்துவமனைக்கு அப்பத்தாவும் பேரனும் சென்றனர். இரவில் இறந்துபோன சேவல் குஞ்சும் ஒரு துணிப்பையில் உடன் சென்றது.

மருத்துவர் முதலில் கேட்டவை குஞ்சைப் பற்றிய கேள்விகளாக இல்லை. “ஆத்தா, பஞ்சாரத்தை எங்க கவுக்கிறீங்க? எடம் மாத்துறதுண்டா?” என்றும், தண்ணீர் எதில் வைக்கப்படுகிறது என்றும், பெரிய கோழிகள் முட்டையிடுகின்றனவா என்றும் கேட்டார். மழையில் வேறு காய்ந்த இடம் இல்லாததால் தொழுவ மூலையிலேயே வாரக்கணக்கில் கவிழ்ப்பதாகவும், பெரிய கோழிகள் குறையில்லாமல் இருப்பதாகவும் அப்பத்தா சொன்னார். அதன்பின் எச்சத்தில் சிறிது எடுத்து, செறிந்த உப்புக் கரைசலில் கலக்கி, மேலே மிதந்ததைக் கண்ணாடித் துண்டில் ஒற்றி நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். சிறுவனையும் அழைத்துக் காட்டினார். ஒளி வட்டத்துக்குள் முட்டை வடிவில், இரட்டைக் கோடிட்ட ஓட்டோடு, உள்ளே ஒரு திரளைத் தாங்கிய உருவங்கள் சிதறிக் கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரின் ஐம்பதில் ஒரு பங்கு அளவானது. அவை ஐமீரியா என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணியின் முட்டைக்கூடுகள். அவ்வொட்டுண்ணி குடலில் பெருகுவதால் வருவதே காக்சிடியோசிஸ் எனப்படும் இரத்தக்கழிச்சல்.

எனினும் மருத்துவர் அதோடு முடிவுசெய்யவில்லை. நலமாக மேயும் கோழியின் எச்சத்திலும் இம்முட்டைக்கூடுகள் இருக்கக்கூடும் என்பதால், அவற்றைக் கண்டது மட்டுமே நோய்க்குச் சான்றாகாது. அவை குடலைச் சிதைத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இறந்த குஞ்சை அறுக்க அனுமதி கேட்டபோது அப்பத்தா சற்றுத் தயங்கி, பிறகு தானும் பார்க்க வேண்டும் என்று சொல்லி மேசையருகே வந்து நின்றார். வயிற்றைத் திறந்ததும் இரண்டு குடல்முளைகளும் விரல் பருமனுக்கு வீங்கிக் கருஞ்சிவப்பாகத் தெரிந்தன. ஒன்றைக் கத்தரியால் நீளவாக்கில் பிளந்தபோது உள்ளே உறைந்த இரத்தம் கட்டியாக அடைத்திருந்தது. ஈரலிலும் அரைவைப்பையிலும் மூச்சுக்குழலிலும் குறை ஏதும் காணப்படவில்லை. கோழியைத் தாக்கும் ஐமீரியா வகைகள் ஏழு என்று பொதுவாகக் கொள்ளப்படுகின்றன. அவற்றுள் குடல்முளைகளைத் தாக்கி இரத்தம் கசிய வைப்பது ஐமீரியா டெனெல்லா. வயது, வெளுத்த கொண்டை, எச்சத்து இரத்தம், வீங்கிய குடல்முளைகள் ஆகிய நான்கும் ஒரே திசையைக் காட்டியதால் காரணம் உறுதிப்பட்டது.

பெரிய கோழிகள் நலமாக இருந்ததன் விளக்கமும் அந்த ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுற்றிலேயே இருந்தது. எச்சத்தோடு வெளியேறும் முட்டைக்கூடு உடனே நோய் தரும் வலிமை பெறுவதில்லை. ஈரமும் இளவெப்பமும் காற்றும் கிடைத்தால் ஓரிரு நாளில் முதிர்ந்து, அதைக் கொத்தும் பறவையின் குடல் செல்களுக்குள் புகுந்து, ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள் பல்லாயிரமாகப் பெருகி மீண்டும் எச்சத்தில் வெளிவரும். வெயிலும் உலர்ச்சியும் அதை அழிக்கும், சாதாரணக் கிருமிநாசினிகளோ அதன் தடித்த ஓட்டை ஊடுருவுவதில்லை. சிறிது சிறிதாக அதை விழுங்கி வளரும் பறவைக்கு எதிர்ப்பாற்றல் உண்டாகிவிடும். ஆகவே முதிர்ந்த கோழிகள் தாம் நோயுறாமலே முட்டைக்கூடுகளைப் பரப்பிக்கொண்டிருக்கும். கோடையில் முற்றமெங்கும் மேய்ந்து, உலர்ந்த மண்ணில் அவற்றை அளவாகக் கொத்திப் பழகும் குஞ்சுகள், அடைமழையில் ஒரே ஈர மூலையில் நாள்கணக்கில் அடைபட்டபோது தாங்கக்கூடிய அளவைவிடப் பல மடங்கு விழுங்கிவிட்டன. மழையும் பஞ்சாரமும் ஒரே மூலையும் சேர்ந்து உண்டாக்கிய நோய் அது.

ஆம்புரோலியம் என்னும் தூள் மருந்து கொடுக்கப்பட்டது. அளந்து கலக்கிய நீரைத் தவிர வேறு நீர் எதுவும் குஞ்சுகளுக்குக் கிட்டக்கூடாது, நலமாகத் தெரியும் குஞ்சுகளும் அதையே குடிக்க வேண்டும், நோயுற்ற குஞ்சுக்கு மட்டும் பேனாவுக்கு மை ஊற்றும் இங்க் பில்லரால் அலகோரத்தில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும் என்பன அறிவுரைகள். ஊர் மருந்துக் கடையில் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த பி காம்ப்ளெக்ஸ் சத்து மருந்தையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்று அப்பத்தா கேட்டபோது, மருந்து முடியும்வரை அது வேண்டாம் என்று மருத்துவர் தடுத்தார். சத்து மருந்தை ஏன் தடுக்கிறார் என்பது அன்று சிறுவனுக்கு விளங்கவில்லை. பின்னாளில் படித்தபோது கிடைத்த விளக்கம், கோழியின் நோயறிதல் மனித மருத்துவத்துக்கே திருப்பம் தந்த ஒரு வரலாற்றோடு அதை இணைத்தது.

டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மன், பெரிபெரி என்னும் கால் தளர்ச்சி நோய்க்குக் கிருமியைத் தேடி ஜாவாவின் படேவியாவில் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தபோது, 1890ஐ ஒட்டிய காலத்தில் அவருடைய ஆய்வுக்கூடக் கோழிகளே காலொடிந்தவைபோல் தள்ளாடி விழுந்தன. சில மாதம் சென்று அவை தாமாகவே தேறின. தீனியை விசாரித்தபோது, இராணுவ மருத்துவமனைச் சமையலறையின் தீட்டிய வெள்ளரிசிச் சோறு கோழிகளுக்குப் போடப்பட்டு வந்ததும், புதிதாக வந்த சமையற்காரர் அதைக் கொடுக்க மறுத்ததால் தவிடு நீக்காத அரிசிக்கு மாறியதும் தெரியவந்தன. தவிட்டில் உள்ள ஏதோ ஒன்று நோயைத் தடுக்கிறது என்ற அந்தத் தடயம், வைட்டமின்கள் என்னும் துறைக்கே வழிதிறந்தது. ஐக்மன் 1929இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அந்தப் பொருளே தையமின் எனப்படும் வைட்டமின் பி1. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் 1886இல் பிறந்த வேதியியலாளர் ராபர்ட் வில்லியம்ஸ், அதை 1936இல் செயற்கையாக ஆக்கிக் காட்டினார். ஆம்புரோலியத்தின் மூலக்கூறு தையமினை ஒத்த அமைப்புடையது; ஐமீரியா தையமின் என்று நம்பி அதை எடுத்துக்கொண்டு, உண்மையான சத்துக் கிட்டாமல் அழிகிறது. அந்நேரத்தில் தையமினை மிகுதியாகக் கொடுத்தால் ஒட்டுண்ணிக்கே உணவிட்டதாகும். அரிசித் தீனியில் தளர்ந்த கோழிக்கு உயிரளிக்கும் அதே சத்து, இரத்தக்கழிச்சலில் கிடக்கும் கோழிக்கு மருந்தை முறிக்கும். காரணம் அறியாமல் கொடுக்கப்படும் நல்ல பொருளும் கேடாக முடியலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது.

வீடு திரும்பியதும் அப்பத்தா பஞ்சாரத்தை அடுப்படித் தாழ்வாரத்துக்கு மாற்றி, அடியில் காய்ந்த உமியைப் பரப்பி, அதை அன்றாடம் கூட்டி எரித்தார். தொழுவ மூலையின் மேல்மண் வெட்டி எடுக்கப்பட்டது. தண்ணீர்ச் சட்டி, எச்சம் விழாதபடி செங்கல்மேல் ஏறியது. இறந்த சேவல் குஞ்சு ஆழக் குழியில் சுண்ணாம்பிட்டுப் புதைக்கப்பட்டது. பெட்டைக் குஞ்சின் எச்சத்தில் இரத்தம் நின்று, அது கம்பைக் கொத்தத் தொடங்கியபின்னும் கொண்டை சிவக்க நெடுநாள் ஆயிற்று. உடன்பிறந்தவற்றைவிட வளர்த்தியில் பின்தங்கியது, முட்டையிடவும் தாமதித்தது. எஞ்சிய குஞ்சுகளில் நோய் மூளவில்லை. அதன்பிறகு மழைக்காலந்தோறும் பஞ்சாரம் இடம் மாறிக்கொண்டே இருந்தது; ஊசி முகாமுக்குப் போகும்போதெல்லாம், குஞ்சு ஒடுங்கினால் தாளை விரித்து எச்சத்தைப் பாருங்கள் என்று அப்பத்தா மற்றப் பெண்களுக்குச் சொல்லிவந்தார்.

இந்நிகழ்வில் காரணத்தைக் கண்டவர் யார் என்று கேட்டால் ஒருவரை மட்டும் சுட்ட இயலாது. தீனிப்பை முந்தைய மாலையிலேயே வெறுமையாக இருந்ததையும், குஞ்சுகள் மட்டுமே விழுந்ததையும், எச்சத்தின் நிறம் மாறியதையும் அன்றாடம் உடனிருக்கும் கண்ணே காண முடியும். எந்த மருத்துவமனையும் அவற்றைப் பின்னர் ஊகித்துவிட முடியாது. அந்தக் கண்ணுக்கு எட்டாத முட்டைக்கூட்டையும், குடல்முளையின் உள்நிலையையும், எந்த மருந்தோடு எது சேரக்கூடாது என்பதையும் பயிற்சி பெற்ற மருத்துவரே அறிவார். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டியின் கவனிப்பை அந்த மருத்துவர் முழுச் சான்றாக ஏற்றுக் கேள்வி கேட்டதாலும், அவர் கேட்ட அறுவைக்கு அம்மூதாட்டி இசைந்து அருகில் நின்று பார்த்ததாலும் இரண்டு அறிவும் ஒன்றுசேர்ந்தன. நாலணா பெறாத குஞ்சுக்கு மருத்துவமா என்று ஊரில் சிலர் கேட்டதுண்டு. அந்த ஒரு குஞ்சின் நோய்முதலை அறிந்ததால் காக்கப்பட்டவை, அதனோடு வளர்ந்த குஞ்சுகளும், அடுத்தடுத்த மழைக்காலங்களில் அவ்வீட்டில் பொரித்த குஞ்சுகளும், அப்பத்தாவின் பேச்சைக் கேட்டுத் தாள் விரித்துப் பார்த்த வீடுகளின் குஞ்சுகளும் ஆகும்.